பன்னிரண்டாயிரம் அடி: ஏ.கே. செட்டியார் என்னும் படத்தொகுப்பாளர்

திருக்கோஷ்டியூரில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து படம் எடிட் செய்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு நான் கல்யாண வீடியோக்காரன். அது பொய்யும் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் காரைக்குடியில் ஒரு வீடியோ கடையில் கல்யாண கேசட்டுக்குப் பாட்டு ஒட்டித்தான் தொழிலை ஆரம்பித்தேன். பிறகு சென்னை. ஆவணப்படங்கள், தொண்டு நிறுவனங்களுக்கான படங்கள், நண்பர்களின் குறும்படங்கள், ஓவியர்கள் கண்காட்சியில் ஓடவிடும் வீடியோக்கள். மாதச் சம்பளம் என்று யாரிடமும் வாங்கியதில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபின் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன்.

வேலை தருகிறவர்கள் திருத்தம் சொல்லிச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பத்தாவது வெர்ஷன், பதினோராவது வெர்ஷன். எங்கள் ஊர்க்காரனுக்கு அது பெரிய விஷயமில்லை. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரத்தின் பொருள் கேட்க இராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு தடவை நடந்து வந்தார் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. கோயில் மேலே ஏறி நின்று அவர் எல்லாருக்கும் அதைச் சொன்னதைத்தான் உலகம் பேசும். என் அப்பத்தா மட்டும் "அந்தப் பதினேழு தடவை திரும்பிப் போனாரே, அதச் சொல்லு மொதல்ல" என்பாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பதினேழைப் பற்றியது. இதை எழுதவேண்டும் என்று தோன்றியது ஒரு பையனால்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி ஓர் ஆவணப்படத்துக்கு எடிட்டராக இருந்தேன். இருபத்திரண்டு மணி நேர ரஷ். நாற்பது நிமிஷப் படம். அதில் ஓர் ஆத்தா, மடை திறக்கிற அன்று ஊர் எப்படி இருக்கும் என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். பேச்சு முடிந்தபிறகும் காமிராவை யாரும் நிறுத்தவில்லை. அவர் வெற்றிலையைத் தொடையில் துடைத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டு கண்மாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலு நிமிஷம் இருக்கும். படத்தில் அவர் பேச்சிலிருந்து பதினொரு செகண்ட் வைத்தேன். படம் கொடுத்தாயிற்று, பாக்கிப் பணம் வரவில்லை, அடுத்த வேலைக்கு ஹார்ட்டிஸ்க் வேண்டும். அழித்துவிட்டேன். ஆத்தா இறந்து முப்பதாம் நாள் பேரன் வந்து நின்றான். "அப்பத்தா பேசுனது வேற எதும் இருக்குமாண்ணே?"

இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு ராத்திரி அலமாரியிலிருந்து எடுத்த புத்தகம் ஏ.கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. முன்பு படித்தபோது அதை ஒரு பயணநூலாகத்தான் படித்திருந்தேன். அன்று வேறு புத்தகமாக இருந்தது.

*

ஏ.கே. செட்டியார், அதாவது அ. கருப்பன் செட்டியார், 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து திருப்பத்தூர் போய்க் காரைக்குடி பஸ் பிடித்தால் அரை நாளில் போய்விட்டு வந்துவிடலாம். இருபது சொச்சம் வயதில் ரங்கூனில் 'தன வணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியர். பிறகு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோகிராபி படித்தார். 1937 அக்டோபர் 2, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அன்று காந்தி பிறந்தநாள். செட்டியாருக்கு வயது இருபத்தைந்து.

காந்தி அப்போது உயிரோடு இருக்கிறார். காமிராவைத் தூக்கிக்கொண்டு சேவாகிராமத்துக்குப் போயிருந்தால் ஒரு படம் வந்திருக்கும். ஆனால் அவர் நினைத்தது வேறு. அதுவரை காந்தியை யார் யாரெல்லாம் படம் பிடித்தார்களோ அத்தனையையும் தேடிச் சேர்த்து, அதிலிருந்து ஒரு படம். முப்பது வருஷத்தில் நூறு காமிராக்காரர்கள் எடுத்தவை, அதற்காக அவர் சுற்றியது ஒரு லட்சம் மைல், சேர்ந்தது ஐம்பதாயிரம் அடி, அதில் பன்னிரண்டாயிரம் அடிதான் படம் என்று கணக்குச் சொல்வார்கள். 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் வெளியானது. டி.கே. பட்டம்மாள் ராட்டைப் பாட்டுப் பாடியிருந்தார்.

இந்த எண்களில் நாம் எப்போதும் சொல்வது ஒரு லட்சம் மைலைத்தான். அதனால் அவருக்கு 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற பெயரே நிலைத்தது. அது அவருடைய புத்தகத்தின் பெயரும்கூட. என் தொழில் காரணமாக நான் பார்ப்பது கடைசி இரண்டு எண்களை. 35 எம்.எம். பிலிமில் ஒரு நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. ஐம்பதாயிரம் அடி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். பன்னிரண்டாயிரம் அடி இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாலுக்கு ஒன்று. இன்றைக்கு என் மேசைக்கு வரும் எந்தப் படத்திலும் இந்த விகிதம் கிடையாது. கண்மாய்ப் படத்தில் முப்பத்து மூன்றுக்கு ஒன்று.

அதாவது, செட்டியார் வெட்டியது ரொம்பக் குறைவு. ஒன்பது மணி நேரத்தைச் சேர்ப்பதற்கே மூன்று வருஷம் போன மனுஷன், அதை எப்படி வெட்டிப் போடுவார்?

*

பிறர் எடுத்ததை வைத்துப் படம் கட்டுவதில் உள்ள தொல்லையைச் சொல்லவேண்டும். அப்போதுதான் இவர் செய்தது என்ன என்று தெரியும்.

பேசாப்படக் காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். செகண்டுக்குப் பதினாறு பிரேம், பதினெட்டு பிரேம் என்று அவரவர் கைக்கு வந்தபடி. பேசும்படம் வந்தபின் புரொஜக்டர் இருபத்துநாலு பிரேமில் ஓடியது. பழைய பிலிமை அப்படியே ஓட்டினால் எல்லாரும் ஓடுவார்கள். காந்தி வேகமாக நடப்பவர்தான். ஆனால் பழைய துண்டுகளில் நாம் பார்க்கும் அந்த ஓட்டம் புரொஜக்டர் கொடுத்தது. அதைச் சரிசெய்ய லேபில் சில பிரேம்களை இரண்டு தடவை பிரிண்ட் போடவேண்டும். பிறகு, ஒரு காமிராக்காரர் தெருவின் இந்தப் பக்கம் நின்றிருப்பார், இன்னொருவர் அந்தப் பக்கம். ஒரு ஷாட்டில் ஊர்வலம் இடமிருந்து வலம் போகும், அடுத்ததில் வலமிருந்து இடம். ஒட்டினால் ஊர்வலம் திரும்பி வருவதுபோல இருக்கும். நடுவில் கூட்டத்தையோ ஒரு முகத்தையோ வைத்துத்தான் தப்பிக்க முடியும். அந்த முகம் கையில் இல்லையென்றால்?

சாதாரணப் படம் என்றால் இயக்குநரிடம் "சார், ஒரு குளோசப் வேணும்" என்று கேட்டுவிடலாம். செத்துப்போன காமிராக்காரனிடம் யார் கேட்பது? செட்டியார் இன்னொரு கப்பல் ஏறினார். லண்டனில் இல்லையா, தென்னாப்பிரிக்காவில் பார்க்கலாம். அவருடைய பயணம் ஒருவகையில் எடிட்டிங்கின் பாதி. எது வேண்டும் என்று முதலில் மனசுக்குள் ஒட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டைத் தேடிப் போனவர். அதனால்தான் அவரைப் பயணி என்று மட்டும் சொல்வது போதாது என்கிறேன்.

இதே வேலையை உலகத்தில் அவருக்கு முன் செய்தவர் ரஷ்யாவின் எஸ்ஃபிர் ஷுப். தொழிலால் எடிட்டர். வெளிநாட்டுப் படங்களைச் சோவியத் அரங்குகளுக்காகத் திருத்தி வெட்டுவது அவர் உத்தியோகம். ஜார் மன்னருக்காக அரண்மனைக் காமிராக்காரர்கள் எடுத்த துண்டுகளைத் தேடி எடுத்து 1927-ல் ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சியைப் பற்றி ஒரு படம் தொகுத்தார். தன் பெருமைக்காக ஜார் எடுக்கவைத்த படமே அவருக்கு எதிரான சாட்சியாக மாறியது. கப்பல் மேல்தளத்தில் சீமான்கள் நடனம், அடுத்த துண்டில் வியர்வை வழிய வேலை செய்கிறவர்கள். வெட்டு அங்கே ஒரு கத்தி.

செட்டியாரிடம் அந்தக் கத்தி கிடையாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. காந்தி மேல் இருந்த பக்தியால் துண்டுகளை மோதவிடாமல் வரிசையாக அடுக்கினார், அது வரலாற்றுப் பாடம், சினிமா அல்ல என்று. நான் அப்படி நினைக்கவில்லை. ஷுப் ஜெயித்த புரட்சிக்குள் உட்கார்ந்து, தோற்ற அரசனின் படத்தை வெட்டுகிறார். செட்டியார் வெள்ளைக்காரன் ஆட்சிக்குள் உட்கார்ந்து, அந்த ஆட்சி இன்னும் சிறையில் போட்டுக்கொண்டிருக்கும் மனிதனின் படத்தைச் சேர்க்கிறார். அவருடைய முதல் கவலை, இந்தத் துண்டு நாளைக்கு இருக்குமா என்பது. எந்தத் துண்டை எதோடு மோதவிடலாம் என்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

*

ஆனால் இருக்கவில்லை. அதுதான் கதையின் வருத்தமான பகுதி.

1940-ன் தமிழ்ப் படம் முழுதாக நம் கையில் இல்லை. இருப்பது, 1953-ல் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆங்கில வடிவம். ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அதைத் தேடிக்கண்டார். 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலைப் பதிப்பித்தவரும் அவரே. அவர் தேடாவிட்டால் அந்தத் துண்டும் இல்லை. அது வேறு நாட்டுப் பார்வையாளருக்காக வேறு ஆட்கள் சுருக்கிய படம். செட்டியார் சேர்த்ததன் மேல் இன்னொருவர் கத்தரிக்கோல் போட்டது. ஆகவே இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு 'செட்டியாரின் எடிட்டிங் இப்படி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செட்டியார் மேல் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. 'அண்ணல் அடிச்சுவட்டில்' நூலில் ஒரு துண்டை எங்கே தேடினேன், யார் கதவைத் தட்டினேன் என்பதைச் சுவையாகச் சொல்கிறார். மேசையில் உட்கார்ந்து எதை எடுத்தேன், எதை விட்டேன் என்பதில் வாய் திறப்பது குறைவு. மிச்சமான முப்பத்தெட்டாயிரம் அடியைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருந்தால் என்னைப் போன்றவனுக்கு அது பாடப்புத்தகம். தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்ற அவருடைய கூச்சம் பெரிய குணம்தான். அந்தக் கூச்சத்தால் தொழில் ரகசியமும் போய்விட்டது. எங்கள் ஊர்க் கதையில் மேலே ஏறிச் சொல்ல ஒருவர் இருந்தார். இங்கே அதுவும் இல்லை.

அப்படியானால் அவர் எப்படித் தொகுப்பார் என்று எங்கே பார்ப்பது? அச்சில் பார்க்கலாம். 1943-ல் 'குமரி மலர்' தொடங்கினார். 1983-ல் இறக்கும்வரை, நாற்பது வருஷம், அதுவே அவர் வேலை. பழைய பத்திரிகைகளில் கிடந்த எழுத்துகளை, பாரதியின் தொகுக்கப்படாத எழுத்துகள் உட்பட, எடுத்து எடுத்துப் போட்டார். தமிழ்நாட்டைப் பற்றிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தனி நூலாகத் தொகுத்தார். இந்தப் பக்கங்களைப் புரட்டினால் அவர் கை தெரியும். பழைய கட்டுரை அப்படியே இருக்கும். எங்கே, எப்போது வந்தது என்று ஒரு குறிப்பு இருக்கும். அவ்வளவுதான். 'இதிலிருந்து நாம் அறிவது யாதெனில்' கிடையாது. பக்கத்தில் எதை வைக்கிறார் என்பது மட்டுமே அவர் கருத்து. ஷாட்டைச் சீக்கிரம் வெட்டாமல் நீளமாக ஓடவிடும் எடிட்டரின் பழக்கம் இது. பிலிமில் தொலைந்த அவருடைய எடிட்டிங் தாளில் இருக்கிறது.

*

இதற்கு நேர் எதிரான பக்கத்திலிருந்து ஓர் எடிட்டரையும் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரின் ஸ்டூடியோ இருந்தது. 'நாம் இருவர்' (1947) அங்கே எடுத்த படம். பிறகு ஏவி.எம். சென்னைக்குப் போனது. ஒரே மண்ணில் ஒரு செட்டியார் ஸ்டூடியோ கட்டினார். இன்னொரு செட்டியார் ஸ்டூடியோவே இல்லாமல் ஒரு படம் செய்துவிட்டுப் பத்திரிகைக்குத் திரும்பினார். அந்த ஏவி.எம்.முக்கு 'களத்தூர் கண்ணம்மா' (1960) எடுத்துக்கொடுத்த ஏ. பீம்சிங், உதவி எடிட்டராகத் தொழிலுக்கு வந்தவர். அவர் மகன் பி. லெனின்.

லெனின் எடிட் செய்த 'உதிரிப்பூக்கள்' (1979) கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊரே அந்த மனிதனை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகிறது. யாரும் அடிக்கவில்லை, கத்தவில்லை. நடை, முகம், நடை. வெட்டுவதற்கு எத்தனையோ இடம் இருந்தும் காத்திருக்கிற கை அது. அதே லெனின், வி.டி. விஜயனோடு சேர்ந்து, 'காதலன்' (1994) படத்துக்குத் தேசிய விருது வாங்கினார். அங்கே கண் சிமிட்டினால் மூன்று ஷாட் போய்விடும். இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேட்டால், ஆமாம், எடிட்டருக்கென்று ஒரு பாணி இருக்கக்கூடாது, படத்துக்குத்தான் பாணி என்று தொழிலில் சொல்வோம்.

அது பாதி உண்மை. மீதி, அவர் தானே இயக்கிய படங்களில் தெரிந்தது. கைவிடப்பட்ட ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றிய 'நாக் அவுட்' குறும்படம் 1992-க்கான தேசிய விருதில் சிறந்த முதல் படமாகத் தேர்வானது. ஜெயகாந்தன் கதையை வைத்து எடுத்த 'ஊருக்கு நூறு பேர்' 2001-க்கான சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது. பெரிய படங்களில் பகலெல்லாம் வெட்டிய கை, யாருக்கும் வேண்டாத ஒருவனை எடுத்து வைத்துக்கொள்ள இடம் தேடியிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்கு அவர் தனியாகப் படம் எடுக்கவேண்டியிருந்தது. ஸ்டூடியோ எடிட்டர் வந்ததைக் குறைக்கிறவர். செட்டியார் இல்லாததைத் தேடிச் சேர்த்தவர். தனியாள் எடிட்டர்களான நாங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று வாடகை கட்டுகிறோம்.

*

நம் மொழியே இதில் குழம்பிக்கிடக்கிறது. டிவியில் மைக் பிடித்துச் சிரிக்கிறவர் நிகழ்ச்சித் தொகுப்பாளர். சினிமாவில் படத்தொகுப்பாளர். புத்தகத்தில் தொகுப்பாசிரியர். பத்திரிகையில் வெறும் ஆசிரியர். இன்னும் பின்னால் போனால், குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று பெயர் இருக்கிறது. நற்றிணையில் தொகுப்பித்த அரசன் பன்னாடு தந்த மாறன் வழுதியின் பெயர் இருக்கிறது, உட்கார்ந்து தொகுத்தவரின் பெயர் இல்லை. காசு கொடுத்தவரின் பெயர் முதல் கார்டிலும் எடிட்டரின் பெயர் கூட்டத்தோடும் ஓடுவது புதிய வழக்கமில்லை.

ஆனால் பெயர் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நற்றிணையில் நானூறு பாட்டு சேர்ந்தபோது சேராமல் போனவை எத்தனை, யாருடையவை? தொகுத்தவருக்கு மட்டும் அது தெரியும். எடுத்ததற்கு எடிட்டரைப் பாராட்டுகிறோம். விட்டதற்கும் அவன்தான் பொறுப்பு என்று யாரும் கேட்பதில்லை. இருபது வருஷத்தில் என்னிடம் கேட்டது அந்தப் பையன் ஒருவன்தான்.

அதனால்தான் ஏ.கே. செட்டியாரைப் படத்தொகுப்பாளர் என்று எழுதுகிறேன். தமிழ் சினிமா வரலாற்றில் அவருக்கு 'முதல் காந்தி ஆவணப்படம்' என்று ஒரு வரி கொடுத்து ஒதுக்கிவிடுகிறோம். அவர் நாற்பது வருஷம் செய்த பத்திரிகை வேலையை இலக்கியக் கணக்கில் எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒரே வேலை. சிதறிக் கிடப்பதைத் தேடு, குறைவாக வெட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதிவை, நீ ஒதுங்கிக்கொள். பிலிமில் ஒருமுறை செய்து, அது கைநழுவிப் போனபின்னும் அதே வேலையைத் தாளில் விடாமல் செய்தார்.

இப்போது நான் கொடுக்கும் கொட்டேஷனில் ஹார்ட்டிஸ்க் இரண்டு என்று தனியாக ஒரு வரி போடுகிறேன். பெரும்பாலும் அந்த வரியைத்தான் முதலில் அடிக்கிறார்கள். "படம்தான் முடிஞ்சிருச்சே, ரஷ் எதுக்குங்க?" சில சமயம் என் கைக்காசில் வாங்குகிறேன். எல்லாச் சமயமும் முடிவதில்லை.

போன தை மாசம் அந்தப் பையன் மறுபடி வந்தான். கையில் ஒரு பென்டிரைவ். அவன் சித்தப்பா கல்யாண கேசட்டை யாரோ மாற்றிக் கொடுத்திருந்தார்கள். "கடைசில ஒங்க பேரு ஓடுதுண்ணே" என்றான். காரைக்குடிக் கடையில் நான் பாட்டு ஒட்டியதுதான். கடை முதலாளி அப்போது சொன்னது ஞாபகம் வந்தது: "பந்தில ஒருத்தரையும் வெட்டிப்புடாத தம்பி, சண்டைக்கு வந்துருவாக." அதனால் பந்தி முழுசாக இருந்தது. மூன்றாவது வரிசையில் ஆத்தா. சாப்பிட்டு முடித்து, இலையை மடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் வெற்றிலை வாங்கித் தொடையில் துடைக்கிறார். காமிரா நகர்ந்துவிடுகிறது.

பின்னால் ஓடும் சினிமாப் பாட்டைக் குறைத்து, அவர் பேசுவது கேட்குமா என்று இரண்டு பேரும் ராத்திரிவரை உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு ஒட்டியவன் நான்தானே. கேசட்டில் குரலுக்கு மேல் பாட்டைப் பதித்துவிட்டால் பிரிக்க முடியாது.